கோப்புக்குக் குறி போட்ட கதை

பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்

"சூடடிச்ச நெல்லைக் களத்துல குவிச்சுட்டு ராத்திரி அப்படியே விட்டுட்டா வருவோம்? சாணியைக் கரைச்சு, பொலியைச் சுத்திக் குறி போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவோம்" என்பார் எங்களில் ஒருத்தியின் தாத்தா. அந்தக் குறி திருடனைத் தடுக்காது, பிடித்தும் தராது. ஆனால் ஒரு மரக்கால் நெல்லை யாராவது அள்ளினாலும் குவியல் சரியும், குறி கலையும். காலையில் களத்துக்கு வருகிறவருக்கு ஒரே பார்வையில் விஷயம் தெரிந்துவிடும். கணினியைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்கள் களத்து மேட்டில் நிற்கிறார்களே என்று சிரிக்காதீர்கள். இந்த ஆண்டு நாங்கள் கற்றுக்கொண்டது அந்தச் சாணிக்குறியைத்தான். வேறு பெயரில் கற்றுக்கொண்டோம், அவ்வளவுதான்.

எங்கள் கணினிக் கூடத்தின் மூலையில், பழைய மேசை விரிப்பால் போர்த்தப்பட்டு ஒரு பெட்டி இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதுதான் சர்வர். டெபியன் என்னும் லினக்ஸ் வகை அதில் ஓடுகிறது. ஆசிரியைகளின் அறையில் இருக்கும் இரண்டு கணினிகளிலும் மதிப்பெண்களைப் பதிந்தால், அவை வந்து சேருமிடம் இந்தப் பெட்டிதான். மின்சாரம் போனால் யு.பி.எஸ். கத்தும், அப்போது ஓடிப்போய்ப் பார்ப்பது கூடத் தலைவியின் வேலை. கூடத் தலைவியிடம் ஒரு சாவி இருக்கும். அந்தச் சாவியால்தான் வினை வந்தது.

2023 ஜூலை மாதம். முதல் இடைத் தேர்வு முடிந்து மதிப்பெண்கள் பதியப்பட்டன. எங்கள் தோழி ஒருத்திக்கு (பெயரைப் போடக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள்) வேதியியலில் 61 மதிப்பெண். பட்டியலில் அது 91 என்று தவறிப் பதிவாகிவிட்டது. 22ஆம் தேதி சனிக்கிழமை டீச்சர் விடைத்தாளைப் பார்த்துக் கண்டுபிடித்து, 61 என்று திருத்திச் சேமித்துவிட்டு, அவளைக் கூப்பிட்டுச் சொல்லியும் விட்டார்கள். அவள்தான் அப்போது கூடத் தலைவி. அன்று கூடத்தைத் துடைத்து வைக்க வந்திருந்தாள். 91 என்று வீட்டில் சொல்லிவிட்டவளுக்குக் கண் கலங்கியதை நாங்களும் பார்த்தோம்.

திங்கட்கிழமை பெற்றோருக்கான பட்டியலை அச்செடுத்தபோது, அவள் பெயருக்கு நேரே மறுபடியும் 91!

"சனிக்கிழமை லேபில் யார் இருந்தது?" என்று கேட்டார்கள். நாங்கள் அவள் பெயரைச் சொன்னோம். அது உண்மைதானே? ஆனால் அந்த உண்மையைச் சொன்ன பிறகு நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். 'அவள் அப்படிச் செய்யமாட்டாள்' என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. ஐந்து பேரில் மூன்று பேருக்காவது சந்தேகம் இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறோம். எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

அவளை யாரும் தண்டிக்கவில்லை. மதிப்பெண் மீண்டும் 61 ஆயிற்று. சிஸ்டர் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் முதல் அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். நாங்கள் வராந்தாவிலேயே சாப்பிட்டோம். வகுப்பில் வேறு பேச்சு, வராந்தாவில் வேறு பேச்சு. பள்ளிக்கூடத்துச் சுவர்களுக்குக் காது மட்டுமா இருக்கிறது?

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் கணினி சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டார்கள். "பிள்ளைகளா, அந்தப் பிள்ளை செய்தாளா, செய்யலையா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லாமல் போச்சு. இனிமேல் அப்படி ஆகக்கூடாது. கோப்பு மாறினால் மாறியது என்று நமக்குத் தெரியணும். என்ன வழி என்று படித்துக்கொண்டு வாருங்கள்" என்றார்கள்.

படித்துக்கொண்டு வந்தோம். இப்படிக் கவலைப்பட்டவர்கள் எங்களுக்கு முன்பே பலர் உண்டு. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் ஸ்பாஃபர்டு என்ற பேராசிரியரும் ஜீன் கிம் என்ற மாணவரும் சேர்ந்து 1992-இல் 'டிரிப்வயர்' என்ற மென்பொருளை எழுதினார்கள். தரையை ஒட்டிக் கட்டிய கம்பி, அதில் கால் பட்டால் மணி அடிக்கும் என்று பொருள். மாணவர் என்ற சொல்லைப் படித்ததும் எங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு 1999-இல் ராமி லேத்தி, பாப்லோ விரோலைனென் என்ற இருவர் அதே வேலையைச் செய்யும் 'எய்டு' என்ற இலவச மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். டெபியனில் அது ஏற்கெனவே தயாராகக் கிடைக்கிறது. நாங்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டோம். காசு கேட்காத பொருளுக்கு அனுமதி கிடைப்பது எளிது என்பது எங்கள் பள்ளி மாணவியருக்குத் தெரியாததா?

எய்டு செய்யும் வேலை இதுதான். ஒரு நல்ல நாளில், கணினியிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் படித்து, அதன் அளவு, உரிமையாளர், யார் படிக்கலாம் யார் எழுதலாம் என்ற அனுமதி, கடைசியாக மாறிய நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும். கூடவே அந்தக் கோப்பின் 'கைரேகை' ஒன்றையும் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைக்கும். பிறகு நாள்தோறும் அதே வேலையைத் திரும்பச் செய்து, பழைய குறிப்போடு ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் நமக்குச் சொல்லும்.

கைரேகை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஷா-256 என்ற கணக்கு முறை ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு வரிக் கடிதத்தைப் போட்டாலும், முழு அகராதியைப் போட்டாலும், வெளியே வருவது எப்போதும் 64 எழுத்துகள்தான். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகளும் கலந்தவை. ஒன்றுமே எழுதாத வெற்றுக் கோப்புக்கும் ஒரு கைரேகை உண்டு. எந்த ஊர்க் கணினியில் எடுத்தாலும் அது 'இ3பி0சி442' என்றுதான் தொடங்கும். நாங்கள் சென்ற ஆண்டு மலருக்கு எழுதிய கட்டுரையை எடுத்து, ஒரே ஒரு முற்றுப்புள்ளியை நீக்கிப் பார்த்தோம். கைரேகை முழுவதும் மாறிவிட்டது! பழையதற்கும் புதியதற்கும் உறவு இருந்தது என்றே சொல்ல முடியவில்லை. தமிழம்மா எங்கள் கட்டுரைகளில் கண்டுபிடிக்கும் பிழைகளைக்கூட இவ்வளவு கறாராகக் கண்டுபிடித்ததில்லை.

முன்பு எம்.டி.5 என்ற முறையைப் பயன்படுத்தினார்களாம். 2004-இல் சீன ஆய்வாளர்கள் இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எம்.டி.5 கைரேகை வரும்படி செய்து காட்டிவிட்டார்கள். அதனால் அதை நம்புவதற்கில்லை. இன்னொன்றும் எங்களுக்குப் பிடித்திருந்தது: கைரேகையிலிருந்து கோப்பைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே யாருடைய மதிப்பெண்ணையும் பார்க்காமலேயே, அது மாறியதா என்று மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்ளலாம். சிஸ்டர் அனுமதி கொடுத்ததே இதற்காகத்தான் போலும்.

நிறுவுவதற்கு ஒரு கட்டளைதான். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நிர்வாகியின் பாஸ்வேர்டைச் சிஸ்டர் தட்டும்போது மட்டும் நாங்கள் ஐவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அடுத்து முதல் தரவுத்தளத்தை உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தோம். பழைய பெட்டியல்லவா? மின்விசிறி இரைந்தது, விளக்கு சிமிட்டியது, முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் 'புதியது' என்ற பெயரில் ஒரு தரவுத்தளம் வந்து நின்றது. அதைச் சரிபார்த்து, 'புதியது' என்ற வாலை நீக்கி, இனி ஒப்பிட வேண்டியது இதுதான் என்று நாமே நம் கையால் வைக்க வேண்டும். மென்பொருள் தானாக அதைச் செய்யாது. மனிதர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அன்று இது எங்களுக்குப் புரியவில்லை. வீண் வேலை என்று முணுமுணுத்தோம்.

மறுநாள் காலை அறிக்கையைத் திறந்தால், நானூறு வரிகளுக்கு மேல்! யாரோ கணினியைக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று ஒருத்தி அலறியே விட்டாள். படித்துப் பார்த்தால் எல்லாம் அன்றாட மாற்றங்கள். கணினி தன் நாட்குறிப்பைத் தானே எழுதிக்கொள்கிறது. அது ஒரு மாற்றம். இரவில் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து இறங்கின. அவை நூறு மாற்றங்கள். தற்காலிகக் கோப்புகள் பிறந்தன, இறந்தன. இவ்வளவு கூச்சலுக்கு நடுவே உண்மையான திருட்டு ஒன்று நடந்திருந்தால் நாங்கள் கண்டிருப்போமா? மாட்டோம். தினமும் நானூறு வரி வந்தால் மூன்றாம் நாள் யாரும் படிக்கமாட்டார்கள்.

ஆகவே அமைப்புக் கோப்பில் விதிகளை எழுத உட்கார்ந்தோம். உண்மையில் வேலை முழுவதும் இங்கேதான். எந்தக் கோப்புறைக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஒற்றை எழுத்துகளால் சொல்ல வேண்டும். 'பி' என்றால் அனுமதி, 'யு' உரிமையாளர், 'எஸ்' அளவு, 'எம்' உள்ளடக்கம் மாறிய நேரம், 'சி' கோப்பின் விவரம் மாறிய நேரம், 'ஐ' என்பது வட்டில் அந்தக் கோப்புக்குக் கொடுத்திருக்கும் எண். இவற்றைக் கூட்டல் குறியால் கோர்த்து, கடைசியில் ஷா-256-ஐச் சேர்க்க வேண்டும். பார்க்க வேண்டாத இடத்துக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் போதும், எய்டு அந்தப் பக்கம் திரும்பாது.

ஆச்சரியக்குறி இவ்வளவு எளிதாக இருந்தால் நாங்கள் விடுவோமா? நாட்குறிப்புகள் இருக்கும் 'வார்' என்ற பெரிய கோப்புறை முழுவதற்கும் ஒன்றைப் போட்டுவிட்டோம். அறிக்கை சட்டென்று சுருங்கியது. பெருமையோடு சிஸ்டரிடம் காட்டினோம். "வீட்டில் நாய் குரைக்குது என்று நாயை விற்றுவிட்டீர்களா?" என்றார்கள். அந்தக் கோப்புறைக்குள்தான், இன்ன நேரத்தில் இன்ன வேலையைத் தானாகச் செய் என்று கணினிக்குச் சொல்லும் நேரப் பட்டியல் முதலிய முக்கியமானவையும் இருக்கின்றன. திரும்ப உட்கார்ந்து, நாட்குறிப்பு, தற்காலிகச் சேமிப்பு என்று சின்னச் சின்னதாக விலக்கினோம்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்றும் நடந்தது. நாங்கள் பயிற்சி செய்யும் 'டெஸ்ட்' என்ற கோப்புறையை விலக்கியிருந்தோம். எய்டு இந்த வரியை 'டெஸ்ட் என்று தொடங்கும் எல்லாம்' என்று எடுத்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியாது. பக்கத்திலேயே ஆசிரியைகளின் 'டெஸ்ட்மார்க்ஸ்' கோப்புறை! எதைக் காப்பதற்காக இவ்வளவு பாடும் பட்டோமோ, அதையே காவலுக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தோம். சிஸ்டர் எங்களுக்குச் சொல்லாமல் அந்தக் கோப்புறையில் ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டு வைத்தார்கள். மறுநாள் அறிக்கை, 'எல்லாம் நலம்' என்றது. நாங்களும் 'எல்லாம் நலம் சிஸ்டர்' என்றோம். அந்த முகத்தை நாங்கள் மறக்கமாட்டோம். வரியின் முடிவில் ஒரு டாலர் குறி போட வேண்டும். 'இந்தப் பெயரோடு நிறுத்து' என்று அதற்குப் பொருள். ஒரு குறிக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள், தமிழில் ஒற்றெழுத்தை விட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்துக்கொள்ளவும்.

தரவுத்தளத்தையே ஒருவர் மாற்றிவிட்டால்? இதைக் கேட்டது எங்களில் மிகவும் பேசாதவள். கணினிக்குள் நிர்வாகியாக நுழைந்தவர், கோப்பை மாற்றிவிட்டுக் குறிப்பையும் திருத்தி எழுதிவிடலாமே! களத்துக் குறியைக் கலைத்தவனே திரும்பவும் சாணி கரைத்துப் போட்டுவிட்டுப் போவது போல. அதற்காக, ஒருமுறை எழுதினால் திரும்ப எழுத முடியாத குறுந்தகட்டில் தரவுத்தளத்தின் பிரதி ஒன்றைப் பதித்தோம். தரவுத்தளத்தின் 64 எழுத்துக் கைரேகையை ஒரு நீளக் கணக்கு நோட்டில் மையால் எழுதினோம். ஒருத்தி வாய்ப்பாடு ஒப்பிப்பது போல நான்கு நான்கு எழுத்தாகச் சொல்ல, ஒருத்தி எழுத, மூன்றாமவள் சரிபார்த்தாள். மூன்று முறை தப்பியது. 'பி'யும் 'டி'யும் காதில் ஒன்றாகவே விழுகின்றன.

அந்த நோட்டில்தான் மற்றதையும் எழுதினோம். எந்தத் தேதியில் எந்தக் கோப்பு மாறியது, யார் மாற்றினார்கள், ஏன், தரவுத்தளத்தைப் புதுப்பித்தது யார், கையெழுத்து. கொஞ்ச நாள் நாங்கள் அறிக்கையைப் படிக்காமலே 'புதுப்பி' என்று கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தோம். சிஸ்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "பார்க்காமல் குறி போடுறதுக்கு நீங்கள் எதற்கு? யாராவது நெல்லை அள்ளிட்டுப் போனாலும், மிச்ச நெல்லுக்குப் புதுசா குறி போட்டுட்டு வந்துடுவீங்களே!" என்றார்கள். தாத்தா கதையை அவர்களிடம் நாங்களே சொல்லியிருந்தோம். அது எங்களுக்கே திரும்பி வந்தது.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. தினமும் காலை மணி அடிப்பதற்கு முன்பு ஒருத்தி போய் அறிக்கையைப் பார்ப்பாள். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. சொல்லப்போனால் அலுப்பான வேலைதான். தோழி அப்போதும் வேப்பமரத்தடியில்தான் சாப்பிட்டாள். நாங்கள் கூடத்தில் செய்கிறதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தனக்கு எதிராகத்தான் இதெல்லாம் என்று நினைத்திருந்தாளாம். பிறகு சொன்னாள்.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. கணக்கு டீச்சர் வந்து மூன்று பேருடைய கூட்டுத்தொகையைத் திருத்திச் சேமித்தார்கள். சிஸ்டர் எங்களில் இருவரை வரவழைத்து, டீச்சரின் முன்னிலையிலேயே தரவுத்தளத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். நோட்டில் எழுதினோம்: மணி 11.40, மாறிய கோப்பு ஒன்று, காரணம் கூட்டல் பிழை, கையெழுத்து மூன்று. கூடத்தைப் பூட்டிச் சாவியைச் சிஸ்டர் கொண்டுபோய்விட்டார்கள்.

9ஆம் தேதி திங்கட்கிழமை அறிக்கையைத் திறந்தவள் எங்களைக் கூப்பிட ஓடி வந்தாள்; மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. மாறியவை இரண்டு: அந்தக் கணக்கு மதிப்பெண் கோப்பு, அது இருக்கும் கோப்புறை. டீச்சர் திறந்து பார்த்தார்கள். சனிக்கிழமை திருத்திய மூன்று கூட்டுத்தொகையும் பழையபடியே பிழையாக இருந்தன.

நாங்கள் ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஐவர் மனத்திலும் அதே பெயர்தான், இம்முறை வேறு விதமாக. அவளிடம் சாவி இல்லை. ஊரிலும் அவள் இல்லை. சனிக்கிழமை காலையிலேயே பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த மூன்று மாணவிகளில் ஒருத்தியும் அவள் அல்ல.

அறிக்கையை அச்செடுத்து மேசையில் விரித்தோம். கைரேகை மாறியிருந்தது. 'ஐ' எண் மாறியிருந்தது; அதாவது இருந்த கோப்பைத் திறந்து திருத்தவில்லை, வேறொரு கோப்பைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். 'எம்' நேரம் சனிக்கிழமையிலிருந்து வியாழக்கிழமைக்குப் பின்னால் போயிருந்தது! காலம் பின்னால் போகுமா? பழைய கோப்பை அதன் பழைய தேதியோடு அப்படியே நகலெடுத்தால் போகும். 'சி' நேரம் மட்டும் வேறு கதை சொன்னது. 'எம்' நேரத்தை யார் வேண்டுமானாலும் ஒரு சாதாரணக் கட்டளையால் மாற்றி எழுதலாம். 'சி' நேரத்தை அப்படி எழுத முடியாது. கணினியின் கடிகாரத்தையே திருப்பினால்தான் உண்டு. அது ஞாயிறு பின்னிரவு 1.30 என்றிருந்தது.

"ராத்திரி ஒன்றரை மணிக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் யார் முழிச்சிருப்பா?" என்றார்கள் சிஸ்டர்.

"வாட்ச்மேன் அண்ணன்" என்றாள் ஒருத்தி. அவருக்குக் கணினியைத் திறக்கத் தெரியாது என்பது மட்டுமல்ல, கூடத்தின் பக்கமே வரமாட்டார், அந்த யு.பி.எஸ். சத்தம் அவருக்குப் பயம்.

"சர்வர் முழிச்சிருக்கும், சிஸ்டர்" என்றாள் அந்தப் பேசாதவள்.

நேரப் பட்டியலைத் திறந்தோம். இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி: வெள்ளி இரவு 11 மணிக்கு, சர்வரிலுள்ள கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் வரி: ஞாயிறு பின்னிரவு 1.30-க்கு, வெளி ஹார்டு டிஸ்க்கிலிருந்து சர்வருக்கு நகலெடு. அதே ஆர்சிங்க் கட்டளை, அதே கோப்புறைப் பெயர்கள். இரண்டும் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். எது புதியது எது பழையது என்று அந்தக் கட்டளை பார்க்காது. பார்க்கச் சொல்லி ஓர் எழுத்தைச் சேர்த்தால்தான் பார்க்கும். அந்த எழுத்து அங்கே இல்லை. வேறுபட்டிருந்தால் மேலே எழுதிவிடும்.

பிறகு எல்லாம் விளங்கிற்று. கோடை விடுமுறையில் சர்வரின் வட்டு பழுதாகி, வெளியிலிருந்து ஒருவர் வந்து புது வட்டைப் போட்டுக் கொடுத்தார். பழைய கோப்புகளைத் திரும்ப ஏற்ற வெகு நேரம் ஆகும் என்று, ஆளில்லாத ஞாயிறு இரவில் அது தானாக நடக்கட்டும் என அந்த வரியை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஒருமுறை நடக்க வேண்டியது. நீக்க மறந்துவிட்டார். நேரப் பட்டியலுக்கு 'ஒருமுறை' என்று தெரியாது. வாரா வாரம் நடத்திக்கொண்டே இருந்தது. வெள்ளி இரவில் எடுத்த நகலை ஞாயிறு அதிகாலையில் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். இடையில் யாரும் எதையும் திருத்தாவிட்டால் ஒன்றும் தெரியாது. சனிக்கிழமையில் திருத்தினால் மட்டும் அந்தத் திருத்தம் மறைந்துவிடும். எங்கள் பள்ளியில் சனிக்கிழமை மதிப்பெண் திருத்துவது அபூர்வம்.

ஜூலை 22 சனிக்கிழமை.

கணினியின் நாட்குறிப்பில் சிஸ்டர் பின்னோக்கித் தேடினார்கள். ஜூலை 23, மணி 1.30, அதே கட்டளை ஓடியதாக ஒரு வரி. அதைப் படித்துவிட்டுச் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தவறான இரண்டாம் வரி இருந்த நேரப் பட்டியலை எய்டு முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாளும் புகார் சொல்லவில்லை. ஏன் சொல்லும்? நாங்கள் ஆகஸ்டில் முதல் தரவுத்தளத்தை எடுத்தபோதே அந்த வரி அங்கே இருந்தது. 'இதுதான் சரி' என்று நாங்களே அதற்குக் குறி போட்டுக் கொடுத்துவிட்டோம். மாறியதை மட்டுமே அது சொல்லும். முதலிலேயே கோணலாக இருந்ததை அதற்குத் தெரியாது. கோப்பை வைத்தது யாரென்றும் அது சொல்லவில்லை. எப்போது, எந்த விதத்தில் என்று சொன்னது. மிச்சத்தை நாங்கள் தேடிக்கொண்டோம்.

அந்த வரியைச் சிஸ்டர் நீக்கினார்கள். கணக்கு டீச்சர் மறுபடியும் திருத்தினார்கள். நோட்டில் எழுதித் தரவுத்தளத்தைப் புதுப்பித்தோம். அது பத்து நிமிட வேலை.

மற்ற வேலைதான் கடினமாக இருந்தது. வேதியியல் டீச்சர் அன்று மாலையே வகுப்புக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொல்லி, "நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா" என்றார்கள். அவள் எழுந்து நின்றாள், "பரவாயில்லை மிஸ்" என்றாள், உட்கார்ந்தாள். பெரியவர்களுக்கு அது போதும். எங்களுக்குப் போதாது. மறுநாள் மதியம் நாங்கள் ஐவரும் சாப்பாட்டு டப்பாக்களோடு வேப்பமரத்தடிக்குப் போனோம். என்ன சொல்வது என்று வராந்தாவில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனோம். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"ஏட்டி, நீங்க என்னை நேரா ஒரு தடவை கேட்டிருக்கலாம்லா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். அதற்கு எந்த மென்பொருளும் தேவைப்பட்டிருக்காது. நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தோம். அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளாகவே கூடத்துக்கு வந்தாள். அந்த அறிக்கையைக் காட்டச் சொன்னாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். 'சி' நேரம் என்றால் என்ன என்று கேட்டாள், சொன்னோம். பிறகு நோட்டை எடுத்து முதலிலிருந்து புரட்டினாள். "இதுல ஜூலை இல்லையே" என்றாள். நோட்டே ஆகஸ்டில்தான் தொடங்கியது என்றோம். "அப்ப முதல் பக்கத்துக்கு முன்னால எழுதிக்கிடுதேன்" என்று அட்டையின் உட்புறத்தில் அவளே எழுதினாள்: 23.7.2023, மணி 1.30, வேதியியல் மதிப்பெண் கோப்பு, மாற்றியது நேரப் பட்டியலின் இரண்டாம் வரி. கையெழுத்துக்கான இடத்தில் சிஸ்டரைப் போடச் சொன்னாள். சிஸ்டர் போட்டார்கள்.

இப்போது திங்கட்கிழமை அறிக்கையைப் பார்ப்பது அவள் முறை. விதிகளில் எங்கள் ஐவரையும்விட அவள்தான் கெட்டிக்காரி. டாலர் குறி விட்டுப்போன இன்னும் இரண்டு வரிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். கூடத் தலைவியாகத் திரும்ப இருக்கிறாயா என்று சிஸ்டர் கேட்டபோது சரி என்றாள். சாவி மட்டும் வேண்டாம் என்றாள். அது சிஸ்டரின் அறையிலேயே ஆணியில் தொங்குகிறது. காலையில் போய்க் கேட்டு வாங்கி, மாலையில் திரும்ப மாட்டிவிட்டு வருகிறோம்.